குழந்தைங்களுக்கு ஃபிட்ஸ் மாத்திரை: சைடு எஃபெக்ட் பத்தி அம்மா அப்பாங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

என் பையனுக்கு 4 வயசுல ஃபிட்ஸ் ஆரம்பிச்சுது, இப்ப அவனுக்கு 12. இந்த எட்டு வருஷத்துல மூணு மருந்து மாத்தியாச்சு, நியூரோ ஓபி பெஞ்சுல எத்தனை மணி நேரம் உக்காந்திருப்பேன்னு கணக்கே இல்ல, அங்க பக்கத்துல உக்காந்திருக்கிற அம்மாங்க, பாட்டிங்க எல்லாரும் திரும்பத் திரும்ப கேக்குறது இந்தக் கேள்விகளத்தான். நான் டாக்டர் இல்ல. டாக்டர்ங்ககிட்ட கேட்டு கேட்டு தெரிஞ்சிக்கிட்டது, படிச்சது, என் பிள்ளைகிட்ட பாத்தது, இதத்தான் எழுதுறேன். உங்க குழந்தைக்கு எது சரின்னு உங்க டாக்டர்தான் சொல்லணும், ஆனா அவர்கிட்ட என்ன கேக்கணும், எதுக்கு ராத்திரியே ஓடணும், எதுக்கு அடுத்த விசிட் வரைக்கும் காத்திருக்கலாம்னு தெரிஞ்சிருந்தா பாதி பயம் போயிடும்.

எல்லா குழந்தைக்கும் சைடு எஃபெக்ட் வருமா?

வராது. நிறைய குழந்தைங்க மாத்திரை போட்டுட்டு ஸ்கூலுக்கு போய் விளையாடி எல்லாம் சாதாரணமா இருக்காங்க. வர்றதுலயும் பாதி, மருந்து ஆரம்பிச்ச முதல் ரெண்டு மூணு வாரம், இல்லனா டோஸ் கூட்டின அடுத்த சில நாள், தூக்கமா இருக்கிறது, தலை சுத்தல், வயித்த பெரட்டுறது, சோர்வு, இதெல்லாம் உடம்பு பழகினதும் தன்னால கொறஞ்சிடும். அதனாலதான் டாக்டர்ங்க எடுத்தவுடனே முழு டோஸ் குடுக்காம காலைல அரை, ராத்திரி அரைன்னு ஆரம்பிச்சு வாரா வாரம் கூட்டுவாங்க. "எதுக்கு இழுத்தடிக்கிறாங்க, சீக்கிரம் கூட்டினா சீக்கிரம் சரியாகும்ல"ன்னு நானே நெனச்சிருக்கேன், அது தப்பு.

இன்னொன்னும் சொல்லணும், ஃபிட்ஸ் உள்ளவங்கள்ல 10 பேருக்கு 7 பேர் வரைக்கும் மாத்திரையிலயே கட்டுப்படுதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சைடு எஃபெக்ட் பயத்துல அந்த ஏழு பேர்ல ஒரு குழந்தைய வெளிய தள்ளிடக் கூடாது.

வால்ப்ரோயேட் குடுக்குறோம், பையன் குண்டாயிட்டே போறான், முடி வேற கொட்டுது. நிறுத்திடலாமா?

நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க. சோடியம் வால்ப்ரோயேட், நம்ம ஊர்ல வால்பாரின், என்கோரேட்னு பல பேர்ல வருதே அதுதான், பசிய நல்லா கிளப்பி விடும். என் பையன் சாப்பிட்டு முடிச்சு தட்டு கழுவுறதுக்குள்ள "அம்மா பசிக்குது"ம்பான், அது அடமில்ல, மருந்து பண்ற வேலை. நான் புரியாம திட்டியிருக்கேன், இப்ப நெனச்சாலும் மனசு கஷ்டமா இருக்கு. பிஸ்கட், மிக்சர வீட்ல வாங்கி வைக்கிறத நிறுத்திட்டு சுண்டல், வெள்ளரிக்கா, கொய்யா, வேகவெச்ச முட்டைன்னு பசிக்கும்போது நீட்டினேன், எடை ஏறுறது கொஞ்சம் அடங்குச்சு. மாசம் ஒருதடவ எடை பாத்து எழுதி வைங்க, டோஸே எடைய வெச்சுத்தான் கணக்கு போடுறாங்க.

முடி கொட்டுறது பெரும்பாலும் டோஸ சரி பண்ணாலோ மருந்து மாத்தினாலோ திரும்ப வளர்ந்திடும், சில குழந்தைங்களுக்கு நேர் முடி போய் சுருட்டையா வளருது. கை லேசா நடுங்குறதும் இதுல உண்டு, பென்சில் புடிக்கும்போதும் தண்ணி டம்ளர் தூக்கும்போதும் தெரியும். ஸ்கூல்ல "கையெழுத்து கேவலமா இருக்கு"ன்னு அடி வாங்கின குழந்தைங்க இருக்காங்க, மிஸ்கிட்ட போய் மருந்தாலன்னு சொல்லி வைங்க.

வால்ப்ரோயேட் குடுத்தா லிவர் போயிடும்னு சொல்றாங்களே, உண்மையா?

லிவர் ரொம்ப மோசமா பாதிக்கிறது அபூர்வம், ஆனா இல்லவே இல்லன்னு சொல்ல முடியாது. யாருக்கு ஆபத்து அதிகம்னா, 2 வயசுக்கு கீழ இருக்கிற குழந்தைங்க, அதுலயும் ஒண்ணுக்கு மேல ஃபிட்ஸ் மருந்து எடுக்குறவங்க, பொறந்ததுலேந்தே மெட்டபாலிக் கோளாறு, அதாவது சாப்பாட்ட ஒடம்பு சரியா சக்தியா மாத்த முடியாத கோளாறு, உள்ளவங்க. வர்றதுனா முக்கால்வாசி மருந்து ஆரம்பிச்ச முதல் 6 மாசத்துக்குள்ள வருது. சொந்தத்துல யாராவது குழந்தை காரணம் தெரியாம லிவர் கெட்டு இறந்திருந்தா, அதையும் மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

ரத்த டெஸ்ட்ல லிவர் எண்ணு லேசா கூடியிருக்குன்னு வந்தா உடனே பதறாதீங்க, அது நிறைய பேருக்கு கூடும், டாக்டர் திரும்ப டெஸ்ட் பாத்து முடிவெடுப்பாங்க. டெஸ்ட்ட விட பெருசு நம்ம கண்ணு. குழந்தை திடீர்னு சோர்ந்து போய் படுத்தே இருக்கு, சாப்பாட்ட பாத்தாலே வேணாங்குது, விடாம வாந்தி, கண்ணு மஞ்சளாகுது, முகம் வீங்குது, அடங்கியிருந்த ஃபிட்ஸ் திரும்ப வருது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி. வயித்து வலி தாங்க முடியாம துடிச்சு வாந்தியும் எடுத்தா கணையம் வீங்கியிருக்கலாம், அதுக்கும் அன்னைக்கே. பல் தேய்க்கும்போது ரத்தம், காரணமில்லாம தோல்ல நீல நீலமா கன்னிப் போறது இருந்தா ரத்தத்த உறைய வெக்கிற தட்டணு கொறஞ்சிருக்கான்னு பாக்க சொல்லுங்க. சிலருக்கு லிவர் நல்லா இருந்தாலும் ரத்தத்துல அமோனியாங்கற கழிவு கூடி தூங்கி வழிவாங்க, வாந்தி எடுப்பாங்க, அது தனி டெஸ்ட், கேட்டாதான் எடுப்பாங்க.

லெவிடிராசிட்டம் ஆரம்பிச்சதுலேந்து பிள்ளைக்கு பயங்கர கோவம். மருந்தாலயா, வளர்ப்பு சரியில்லயா?

இந்தக் கேள்விய என்கிட்ட அழுதுகிட்டே கேட்டவங்க இருக்காங்க. மருந்தாலதான் இருக்க வாய்ப்பு அதிகம்.

லெவிடிராசிட்டம், லெவிபில்னு நெறைய பேருக்கு தெரியும், பல விதத்துல நல்ல மருந்து. லிவர பெருசா தொடாது, மத்த மருந்தோட சண்ட போடாது, அதனால டாக்டர்ங்க விரும்பி குடுக்குறாங்க. ஆனா குழந்தைங்கள்ல ஒரு பங்கு பேருக்கு எரிச்சல், கோவம், அடிக்கிறது, சும்மா சும்மா அழுவுறது, ராத்திரி தூக்கம் வராம பொரளுறது எல்லாம் வருது. என் பையனுக்கு 7 வயசுல வால்ப்ரோயேட்லேந்து இதுக்கு மாத்தினாங்க. மூணாவது வாரம் இருக்கும், தோசைக்கு சட்னி தனியா வெக்காம மேல ஊத்திட்டேன்னு தட்ட சுவத்துல வீசினான். தங்கச்சி கைய கடிச்சு ரத்தம் வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் அடிக்க கை ஓங்கினார், அப்ப அவன் சுவத்தோரமா ஒடுங்கி உக்காந்து "அம்மா எனக்கே தெரியலம்மா, உள்ளேந்து வருது"ன்னு சொன்னான். அந்த வார்த்தைய கேட்ட அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது, இது பிள்ளையோட குணமில்லன்னு.

அடுத்த நாளே போன் பண்ணி சொன்னோம். டோஸ கொறச்சு பாத்தாங்க, கொஞ்சம் அடங்குச்சு. சில டாக்டர்ங்க வைட்டமின் பி6 சேத்து குடுப்பாங்க, சிலருக்கு கேக்குது சிலருக்கு கேக்கல, எங்களுக்கு பெருசா ஒண்ணும் தெரியல. கடைசில ரெண்டு மாசத்துல மெதுவா ஆக்ஸ்கார்பாசெபைனுக்கு மாத்தினாங்க, பழைய பையன் திரும்ப வந்தான். மாத்துறதுன்னா ஒரே நாள்ல இத நிறுத்தி அத ஆரம்பிக்கிறது இல்ல, ஒண்ணு ஏற ஏற இன்னொண்ணு எறங்கும், அந்த அட்டவணைய ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வெச்சிருந்தேன்.

கொஞ்சம் பெரிய பிள்ளைங்க, 10 வயசுக்கு மேல உள்ளவங்க, "நான் இருந்து என்ன பிரயோஜனம்", "செத்துடலாம்போல இருக்கு"ன்னு ஒரு வார்த்தை சொன்னா அத சாதாரணமா விட்டுடாதீங்க. இந்த மருந்துன்னு மட்டும் இல்ல, ஃபிட்ஸ் மருந்துங்க எல்லாத்துக்குமே 2008லேந்து அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு அந்த எச்சரிக்கைய போட்டிருக்கு. அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லணும், பிள்ளைய தனியா விடக் கூடாது.

உடம்பெல்லாம் சிவப்பா தடிப்பு வந்திருக்கு. வேர்க்குருவா, மருந்தாலயா?

புது மருந்து ஆரம்பிச்சு முதல் ரெண்டு மாசத்துக்குள்ள தடிப்பு வந்தா, மருந்தாலன்னு எடுத்துக்கிட்டு அன்னைக்கே காமிங்க. கார்பமாசெபைன், ஆக்ஸ்கார்பாசெபைன், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டோன், லாமோட்ரிஜின், இந்த அஞ்சுலயும் இது முக்கியம். கலமைன் லோஷன் தடவிட்டு நாளைக்கு பாக்கலாம்னு உக்காந்திராதீங்க.

தடிப்போட காய்ச்சல், வாய்க்குள்ள புண்ணு, உதடு வெடிச்சு ஒட்டிக்கிறது, கண்ணு சிவந்து எரியுறது, ஒண்ணுக்கு போற எடத்துல புண்ணு, தோல் கொப்புளமா கிளம்புறது, முகம் வீங்குறது, கழுத்துல நெறி கட்டுறது, இதுல எது இருந்தாலும் அது எமர்ஜென்சி. ஸ்டீவன்ஸ் ஜான்சன் சிண்ட்ரோம் மாதிரி ஒண்ணா இருக்கலாம், அதுல தோல் தீப்பட்ட மாதிரி உரிஞ்சு போகும், உயிருக்கே ஆபத்து. மருந்த நிறுத்துறத பத்தி போன்லயே டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டே வண்டி ஏறுங்க, அடுத்த டோஸ் குடுக்குறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரில இருக்கணும், மருந்து பாட்டில கையோட எடுத்துட்டு போங்க.

கார்பமாசெபைனுக்கு இது யாருக்கு வரும்னு ஓரளவு முன்கூட்டியே சொல்ற ஜீன் டெஸ்ட் இருக்கு, எச்எல்ஏ-பி 1502ன்னு சொல்வாங்க, சீனா, தாய்லாந்து பக்கத்து மக்கள்கிட்ட அந்த ஜீன் அதிகம், தைவான்ல மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அந்த டெஸ்ட் எடுக்குறாங்க. லாமோட்ரிஜின் விஷயம் வேற, அதுல ஏத்துற வேகம்தான் தடிப்ப கொண்டு வருது. அதனாலதான் வாரக்கணக்குல துளித்துளியா கூட்டுவாங்க, வால்ப்ரோயேட்டும் சேந்து போனா இன்னும் மெதுவா, ஏன்னா வால்ப்ரோயேட் லாமோட்ரிஜின ஒடம்பவிட்டு வெளியேற விடாம ரத்தத்துல ஏத்தி வெச்சிடும். ஊருக்கு போனப்ப லாமோட்ரிஜின் மாத்திரைய மறந்துட்டு அஞ்சு நாளுக்கு மேல குடுக்கலனா, பழைய டோஸ அப்படியே ஆரம்பிக்காதீங்க, டாக்டர கேளுங்க, திரும்ப கீழேந்து ஏத்த சொல்வாங்க.

ஒரு மருந்துக்கு தடிப்பு வந்திருந்தா அந்த பேர எல்லா சீட்டுலயும் முதல் பக்கத்துல பெருசா எழுதி வைங்க. கார்பமாசெபைனுக்கு வந்தவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு ஆக்ஸ்கார்பாசெபைனுக்கும் வருது.

பிள்ளை எப்பவும் தூங்கி வழியுறா, படிப்புல மந்தமாயிட்டா. மூளை மழுங்கிடுமா?

மூளை மழுங்காது. ஆனா சில மருந்து கவனத்தையும் வேகத்தையும் கொறைக்குறது உண்மைதான், அத "படிக்க சோம்பல்"னு பிள்ளை தலைல கட்டாதீங்க.

ஃபீனோபார்பிட்டோன், கார்டினால்னு தருவாங்களே, 1912லேந்து இருக்கிற மருந்து, விலை ரொம்ப கம்மி, கைக்குழந்தைங்களுக்கு இன்னும் நெறைய குடுக்குறாங்க. பெரியவங்களுக்கு தூக்கம் வர வெக்கிற இதே மருந்து சில குழந்தைங்கள தலைகீழா துறுதுறுன்னு ஆக்கிடும், ஒரு எடத்துல உக்கார மாட்டாங்க. படிப்பும் அடி வாங்கும். குளோபசாம், ஃப்ரிசியம்னு வருமே, அது தூக்கமும் வாயில எச்சில் வழியறதும் குடுக்கும், சில மாசத்துல ஒடம்பு பழகி மருந்தோட வேலையும் கொறையலாம். டோபிரமேட்ல வேற மாதிரி, பிள்ளைக்கு வார்த்தை நாக்கு நுனில நிக்கும், வெளிய வராது. "அது... அதும்மா... தண்ணி குடிக்கிறது" அப்படின்னு டம்ளர காட்டுவாங்க, பேரு வராது.

சில சமயம் டோஸ் நேரத்த மாத்தினாலே போதும், ராத்திரி பங்க கூட்டி காலை பங்க கொறச்சு குடுக்க சொல்லலாம், அதுவும் டாக்டர் சொல்லி. மார்க்கு சீட்டையும் மிஸ் எழுதினதையும் ஓபிக்கு எடுத்துட்டு போங்க, மருந்துக்கு முன்னாடி எப்படி படிச்சா, இப்ப எப்படின்னு அதுலயே தெரியும். ஃபிட்ஸே படிப்ப கெடுக்கும்ங்கறதையும் மறக்கக் கூடாது, ஒரு நாளைக்கு அம்பது தடவ சில செகண்டு வெறிச்சு பாக்குற குழந்தைக்கு மிஸ் நடத்துறதுல பாதி போய் சேரவே சேராது.

டோபிரமேட் குடுக்குறோம், மே மாசத்துல ஒடம்பு கொதிக்குது, ஆனா காய்ச்சல் மருந்து கேக்கல. ஏன்?

இத நம்ம ஊர்ல எல்லா அம்மாவும் தெரிஞ்சிக்கணும். டோபிரமேட்டும் சோனிசமைடும் சில குழந்தைங்களுக்கு வேர்வைய கொறச்சிடும். வேர்க்கலனா ஒடம்பு சூடு வெளிய போக வழி இல்ல. எங்க ஓபில ஒரு 6 வயசு பொண்ணு, கத்திரி வெயில்ல மாடி வீடு, அவங்க அம்மா நாலு நாளா பாராசிட்டமால் குடுத்துட்டே இருந்தாங்க, 102, 103ன்னு நிக்குது. டாக்டர் புள்ளையோட கழுத்தையும் அக்குளையும் தொட்டு பாத்துட்டு "இவளுக்கு வேர்த்து எத்தனை நாளாச்சு"ன்னு கேட்டார். அம்மா முழிச்சாங்க. தொட்டா கழுத்து வெதுவெதுன்னு காஞ்ச துணி மாதிரி இருந்துச்சு, முகம் மட்டும் செக்கச் செவேல்னு. பக்கத்துல உக்காந்திருந்த எங்க எல்லாருக்கும் அந்த ஓபி அறையில சட்டை ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

ஈரத் துணியால தொடச்சு, ஃபேன் காத்துல வெச்சு, தண்ணி குடுத்து எறக்கினாங்க, மருந்தையும் மாத்தினாங்க. அதனால இந்த மருந்து எடுக்குற குழந்தைய வெயில் நேரத்துல வெளிய விளையாட விடாதீங்க, பி.டி. சார்கிட்ட சொல்லி வைங்க, தண்ணி அடிக்கடி குடுங்க. தண்ணி இன்னொரு காரணத்துக்கும் வேணும், இந்த மருந்துல கிட்னி கல்லு வரலாம். பசி கொறஞ்சு எடை எறங்குறதும் இதுலதான். கண்ணு வலிக்குது, மங்கலா தெரியுதுன்னு திடீர்னு சொன்னா அன்னைக்கே கண் டாக்டர்.

ஃபெனிடாயின் எடுக்குற பையனுக்கு ஈறு வீங்கி பல்ல மூடுது, என்ன பண்றது?

எப்டாயின்னு சொல்றது இந்த மருந்தத்தான். ஈறு வளர்றது இதுல ரொம்ப சகஜம், மாசக்கணக்குல எடுக்கும்போது வரும். காலைல ராத்திரி ரெண்டு வேளையும் மென்மையான பிரஷ்ல தேய்ச்சா வளர்ச்சி கொறையும், ஆறு மாசத்துக்கு ஒருதடவ பல் டாக்டர பாருங்க. முகத்துலயும் கையிலயும் முடி வளரும், பொண்ணுங்களுக்கு இது பெரிய மனக்கஷ்டம், வெக்கப்பட்டு சொல்ல மாட்டாங்க, நம்மதான் கேட்டு டாக்டர்கிட்ட சொல்லணும்.

இந்த மருந்துல இன்னொரு சூட்சுமம், டோஸ கொஞ்சூண்டு கூட்டினாலும் ரத்தத்துல அளவு மடமடன்னு ஏறிடும். பையன் குடிச்சவன் மாதிரி தள்ளாடி நடக்குறான், கண்ணு பக்கவாட்டுல துடிக்குது, பேச்சு கொழறுதுன்னா டோஸ் அதிகமாயிடுச்சுன்னு அர்த்தம், ரத்தத்துல மருந்து எவ்ளோ இருக்குன்னு பாக்குற டிரக் லெவல் டெஸ்ட் எடுக்கணும். சிரப்பா குடுத்தா நல்லா குலுக்குங்க, குலுக்காம ஊத்துனா மேல தண்ணியும் கடைசில கட்டி மருந்தும்தான் போகும்.

எலும்பு வீக்காகுமா? உப்பு கொறையுமா?

ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டோன், கார்பமாசெபைன் எல்லாம் வருஷக்கணக்குல எடுத்தா வைட்டமின் டி கொறையலாம், வால்ப்ரோயேட்லயும் எலும்பு பாதிக்கலாம். டெஸ்ட் எடுத்து தேவைனா குடுப்பாங்க. கால் வலிக்குதுன்னு தினமும் சொன்னா சொல்லுங்க.

கார்பமாசெபைன், ஆக்ஸ்கார்பாசெபைன் ரெண்டும் ரத்தத்துல சோடியத்த கொறைக்கும். தலைவலி, வாந்தி, குழப்பம், அசதி, கொறஞ்ச சோடியத்தாலயே ஃபிட்ஸும் வரலாம். என் பையனுக்கு மூணாவது மாசம் டெஸ்ட் எடுத்தாங்க, நல்லவேளை சரியா இருந்துச்சு.

மருந்து குடுத்தப்புறம் ஃபிட்ஸ் அதிகமாச்சு, அப்படி நடக்குமா?

நடக்கும். கார்பமாசெபைன், ஆக்ஸ்கார்பாசெபைன், ஃபெனிடாயின் இதெல்லாம் மூளையோட ஒரு பகுதியிலேந்து கிளம்புற ஃபிட்ஸுக்கு நல்லா கேக்கும், ஆனா வெறிச்சு பாக்குற வகைக்கும், காலைல எழுந்ததும் கை வெடுக்கு வெடுக்குன்னு உதறுற வகைக்கும் நெலமைய மோசமாக்கலாம். அதனாலதான் டாக்டர் நோண்டி நோண்டி கேக்குறது, எந்தப் பக்கம் இழுத்துச்சு, கண்ணு எங்க போச்சு, எவ்ளோ நேரம்னு. ஃபிட்ஸ் வரும்போது ஒருத்தர் குழந்தைய ஒருக்களிச்சு படுக்க வெச்சு பாத்துக்கங்க, இன்னொருத்தர் போன்ல வீடியோ எடுங்க, அந்த அரை நிமிஷ வீடியோவ வெச்சுத்தான் எங்க பையனோட வகையே தெரிஞ்சுது.

சைடு எஃபெக்ட் தாங்கல, நாங்களே நிறுத்திட்டா என்ன ஆகும்?

நான் நிறுத்தினேன். அதனால சொல்றேன்.

அஞ்சரை வயசு அவனுக்கு. வால்ப்ரோயேட் ஒரு வருஷமா போகுது, ஃபிட்ஸ் ஒண்ணும் இல்ல. பிள்ளை ஊதிட்டான், முடி கொட்டுது, சொந்தக்காரங்க வேற "மருந்து குடுத்தே பிள்ளைய கெடுத்துட்ட"ன்னாங்க. யார்கிட்டயும் சொல்லாம சிரப்ப நிறுத்தினேன். முதல் மூணு நாள் நல்லாத்தான் இருந்தான், சரியாத்தான் செஞ்சிருக்கோம்னு கூட நெனச்சேன். நாலாவது நாள் விடியக்காலம் அஞ்சு மணிக்கு பாத்ரூம் வாசல்ல விழுந்தான். ஒரு நிமிஷத்துல நிக்கும்னு பாத்தா நிக்கல. உதடு நீலமாச்சு. 108க்கு போட்டு, ஆம்புலன்ஸ் வந்து, ஊசி போட்டு நின்னப்ப 25 நிமிஷம் ஆயிருந்துச்சு. ரெண்டு நாள் ஐசியு. கண்ணு முழிச்சு "அம்மா தண்ணி"ன்னு கேக்குற வரைக்கும் நான் மனுஷியா இல்ல.

எந்த ஃபிட்ஸ் மருந்தையும் டக்குனு நிறுத்துனா இப்படி விடாம அடிக்கிற ஃபிட்ஸ் வரலாம், ஃபீனோபார்பிட்டோன், குளோபசாம்ல இந்த ஆபத்து ரொம்ப அதிகம். அந்த அபாய தடிப்பு மாதிரி விஷயத்துல மட்டும்தான் ஒரேயடியா நிறுத்துவாங்க, அதுவும் டாக்டர் பதிலுக்கு வேற மருந்து குடுத்துக்கிட்டே. 5 நிமிஷத்துக்கு மேல ஃபிட்ஸ் போனா 108. ஃபிட்ஸ அங்கேயே நிறுத்த மூக்குல அடிக்கிற மிடசோலம் ஸ்பிரே வீட்ல வெச்சுக்கலாமான்னு கேட்டு வாங்கி வைங்க, அத அடிச்சப்புறம் குழந்தை அசந்து தூங்கும், மூச்சு சீரா போகுதான்னு பக்கத்துலயே இருந்து பாக்கணும்.

மருந்து குடிச்சதும் வாந்தி எடுத்துட்டா? ஒரு வேளை மறந்துட்டா?

குடிச்ச கால் மணி நேரத்துக்குள்ள, மருந்து அப்படியே வெளிய வந்துடுச்சுன்னு கண்ணால பாத்தா பொதுவா திரும்ப குடுக்க சொல்வாங்க, ஒரு மணி நேரம் ஆயிட்டா திரும்ப வேணாம். நடுவுலனா போன் போட்டு கேளுங்க. மறந்துட்டா ஞாபகம் வந்தவுடனே குடுங்க, அடுத்த வேளைக்கு நேரம் நெருங்கிட்டா விட்டுட்டு அடுத்தத மட்டும் குடுங்க. ரெண்டு வேளைய சேத்து குடுக்காதீங்க.

மெடிக்கல்ல வேற கம்பெனி மருந்து குடுத்துட்டாங்க, பரவாயில்லயா?

கம்பெனி மாறினா சில குழந்தைங்களுக்கு ரத்தத்துல அளவு கொஞ்சம் ஏறி எறங்கலாம், முடிஞ்சவரை ஒரே கம்பெனியாவே வாங்குங்க, மாறிட்டா தேதிய எழுதி வைங்க. அதவிட பயப்பட வேண்டியது பவர். வால்ப்ரோயேட் சிரப் 5 எம்எல்ல 200 எம்ஜி. லெவிடிராசிட்டம் சிரப் 1 எம்எல்லயே 100 எம்ஜி, அப்ப 5 எம்எல்னா 500 எம்ஜி. பழைய மருந்து ஞாபகத்துல "அஞ்சு எம்எல் தானே"ன்னு ஊத்திட்டா தீர்ந்துச்சு. எங்களுக்கு மாத்தினப்ப சீட்டுல எம்ஜி மட்டும் எழுதியிருந்துச்சு, கடைக்காரர் வாயால சொன்ன எம்எல் தப்பு, நான் வீட்டுக்கு வந்து பாட்டில்ல படிச்சு பாத்ததுல தப்பிச்சோம். அதுலேந்து டாக்டர்கிட்டயே "எத்தனை எம்எல்"னு எழுதி வாங்கிட்டுதான் வெளிய வருவேன். சமையல் ஸ்பூன்ல ஊத்தாதீங்க, ஊசி இல்லாத சிரிஞ்ச் பத்து ரூபா கூட இல்ல. மெதுவா கரையுற வகை மாத்திரைய, சிஆர், குரோனோன்னு போட்டிருக்கும், பொடிச்சு குடுக்கக் கூடாது, மொத்த மருந்தும் ஒரே அடியா எறங்கிடும்.

காய்ச்சல், சளிக்கு மருந்து குடுக்கலாமா? நாட்டு மருந்து?

பாராசிட்டமால் குடுக்கலாம். வால்ப்ரோயேட் எடுக்குற குழந்தைக்கு ஆஸ்பிரின் கூடாது. கார்பமாசெபைன் எடுக்குறவங்களுக்கு எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாடிக் குடுத்தா மருந்து அளவு ஏறி தலை சுத்தி விழுவாங்க. ஆஸ்பத்திரில சேத்து மெரோபெனம்ங்கற ஆன்டிபயாடிக் ஊசி போடப் போறாங்கன்னா வால்ப்ரோயேட் எடுக்குறத சத்தமா சொல்லுங்க, அந்த ஊசி வால்ப்ரோயேட்ட ஒண்ணுமில்லாம ஆக்கிடும். டிபி மருந்து ஆரம்பிச்சாலும் நியூரோ டாக்டருக்கு தெரியணும். தடுப்பூசிய மட்டும் பயந்து நிறுத்தாதீங்க, டாக்டர் சொன்னபடி போடுங்க.

பாட்டிமாருக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன், கோவிக்காதீங்க. சளிக்கு நீலகிரி தைலம் நெஞ்சுல தேய்க்கிறது, சூடத்த துணில முடிஞ்சு கழுத்துல கட்டுறது, தேங்கா எண்ணெய்ல சூடம் போட்டு தடவுறது, இது நம்ம வீட்டு பழக்கம்தான், ஆனா சூடமும் நீலகிரி தைலமும் குழந்தைங்களுக்கு ஃபிட்ஸ கிளப்பி விடும், சூடத்த வாயில போட்டுட்டா இன்னும் மோசம். ஃபிட்ஸ் உள்ள பிள்ளை இருக்கிற வீட்ல அத கை எட்டாத எடத்துல வைங்க. ஆயுர்வேதம், சித்தா எது குடுத்தாலும் மறைக்காதீங்க, பேரு தெரியாத சூரணத்துல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

பொண்ணு பெரியவளாகப் போறா, வால்ப்ரோயேட் போயிட்டிருக்கு. ஏதாவது யோசிக்கணுமா?

கண்டிப்பா, அதுவும் இப்பவே. மாதவிலக்கு ஒழுங்கில்லாம போறது, முகப்பரு, பிசிஓடின்னு சொல்ற சினைப்பை நீர்க்கட்டி இந்த மருந்தால வரலாம். அதவிட பெருசு, கர்ப்ப காலத்துல வால்ப்ரோயேட் எடுத்தா 100 குழந்தைல சுமார் 10 குழந்தைக்கு உறுப்பு குறைபாடும், 30லேந்து 40 குழந்தைக்கு வளர்ச்சி, பேச்சு, படிப்பு பிரச்சனையும் வருது. 2018ல பிரிட்டன்ல, கர்ப்பத் தடுப்பு திட்டத்துல இல்லாத பொண்ணுங்களுக்கு இத குடுக்கக் கூடாதுன்னே விதி கொண்டு வந்தாங்க. "சின்னப் பொண்ணுக்கு இப்ப எதுக்கு இந்தப் பேச்சு"ன்னு நம்ம வீட்ல சொல்வாங்க. மருந்து மாத்த மாசக்கணக்கு ஆகும், கல்யாணப் பத்திரிக்கை அடிச்சப்புறம் யோசிக்க முடியாது. லெவிடிராசிட்டம், லாமோட்ரிஜின்ல அந்த ஆபத்து ரொம்ப கம்மி, சில வகை ஃபிட்ஸுக்கு வால்ப்ரோயேட்தான் கேக்கும்ங்கறதால இத டாக்டரோட உக்காந்து பேசித்தான் முடிவு பண்ணணும்.

ஓபில ரெண்டு நிமிஷம்தான் பாக்குறாங்க, எல்லாத்தையும் எப்படி சொல்றது?

ஒரு 40 பக்க நோட்டு போதும். தேதி, ஃபிட்ஸ் வந்துச்சா, எவ்ளோ நேரம், எடை, மருந்து எத்தனை எம்எல், புதுசா என்ன பாத்தீங்க, ஒரு நாளைக்கு ஒரு வரி. உள்ள போறதுக்கு முன்னாடி முக்கியமான மூணு விஷயத்த கடைசி பக்கத்துல எழுதி டாக்டர் முன்னாடி விரிச்சு வைங்க. "நல்லா இருக்கானா"ன்னு கேட்டா பழக்க தோஷத்துல "நல்லாருக்கான் டாக்டர்"னு தலையாட்டிட்டு வெளிய வந்து எங்ககிட்ட அழுவுறவங்கள நான் வாரா வாரம் பாக்குறேன். அடுத்த ஆள் நிக்குறாங்கன்னு எழுந்திரிக்காதீங்க, சொல்லி முடிச்சிட்டு எழுந்திரிங்க. மருந்தால வந்த பாதிப்ப அரசாங்கத்துக்கும் தெரிவிக்கலாம், 1800-180-3024 இலவச நம்பர், பொதுமக்களே கூப்பிட்டு பதிவு பண்ணலாம்.

வாழ்நாள் முழுக்க மாத்திரையா?

பெரும்பாலான குழந்தைங்களுக்கு இல்ல. பொதுவா 2 வருஷம் ஒரு ஃபிட்ஸ் கூட இல்லனா, மூளையோட மின் அலைய காட்டுற இஇஜி டெஸ்ட்ட பாத்து, வகைய பாத்து, மாசக்கணக்குல மெதுவா கொறைப்பாங்க. சில வகைக்கு ரொம்ப வருஷம் வேணும், அத முதல்லயே சொல்லிடுவாங்க.

எங்களுக்கு மூணு வருஷம் ஒண்ணும் வராம ஓடி, இந்த தைலேந்து கொறைக்க ஆரம்பிச்சிருக்கோம். காலை மாத்திரை போன மாசத்தோட நின்னுச்சு. ராத்திரி பாதி மாத்திரை மட்டும் பாக்கி, அத அவனே கட்டர்ல வெட்டி, மீதி பாதிய டப்பால போட்டு, நோட்டுல டிக் பண்ணிட்டு படுக்குறான். நான் இன்னும் விடியக்காலம் அஞ்சு மணிக்கு எழுந்து ஒருதடவ அவன் மூச்ச பாத்துட்டுத்தான் அடுப்படிக்கு போறேன்.